ரத்தான பயணமும் கையில் நின்ற பணமும்

 

   

போன வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான் உறவுள்ள இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். இரண்டு குடும்பமும் சேர்ந்து மே மாத விடுமுறையில் பாரிஸும் சுவிட்சர்லாந்தும் போவதாக ஏற்பாடு. எட்டு மாதமாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். இளையவர்தான் பணம் வசூலித்து எல்லாவற்றையும் பதிவு செய்தவர். இந்த நிலையில் மூத்தவருடைய தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பயணம் ரத்து. கொஞ்சம் பணம் திரும்ப வந்திருக்கிறது, கொஞ்சம் போய்விட்டது. வந்த பணம் எங்கே என்று மூத்தவர் கேட்கிறார். இளையவர் மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் தக்தீர் மச்சான். அல்லாஹ் நாடல. விடுங்க."

இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் மேல் உள்ள கோபத்தில் அல்ல. இதே வார்த்தையை, இதே மெதுவான குரலில், நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை இன்று உங்கள் முன் வைக்கிறேன். இமாம் தன் தவறை மிம்பருக்குப் பக்கத்தில் நின்று சொல்வது வழக்கமில்லைதான். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2019ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த சமயம். எங்கள் மஹல்லாவிலும் பக்கத்து ஊரிலுமாகப் பதினோரு பேர் சேர்ந்து ஸ்பெயின் போவதென்று முடிவு செய்தோம். ஏன் ஸ்பெயின் என்று நீங்கள் கேட்கலாம். அரபிக் கல்லூரியில் ஓதிய எவரிடமும் கேட்டுப் பாருங்கள், காரணம் சொல்வார்கள். நாங்கள் நஹ்வு இலக்கணத்தில் மனப்பாடம் செய்த அல்ஃபிய்யாவை எழுதிய இப்னு மாலிக் (ரஹ்) அந்த நாட்டின் ஜய்யான் நகரத்துக்காரர். தஃப்ஸீர் வகுப்பில் ஆதாரம் தேடும்போதெல்லாம் நாங்கள் புரட்டிய தஃப்ஸீர் குர்துபீயின் ஆசிரியர், பெயரே சொல்வது போல, குர்துபா நகரத்துக்காரர். இன்றைக்கு அதைக் கொர்டோபா என்கிறார்கள். இமாம் குர்துபீ (ரஹ்) ஹிஜ்ரி 671ல் எகிப்தில் மவ்த்தானார்கள். அடுத்த ஆண்டே, 672ல், இப்னு மாலிக் (ரஹ்) திமிஷ்கில் மவ்த்தானார்கள். இருவரும் பிறந்த மண்ணை விட்டு வெகுதூரத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். அவர்கள் பிறந்த ஊரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை ஏழு வருடம் அந்தக் கிதாபுகளோடு இருந்தவனுக்கு வராமல் இருக்குமா?

எங்கள் குழுவில் மூத்தவர் என் உஸ்தாத். அப்போது எழுபத்து மூன்று வயது. நாற்பது வருடம் அல்ஃபிய்யா பாடம் நடத்தியவர். குர்துபாவின் பெரிய பள்ளியைப் பற்றி நாங்கள் பேசினால் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கர்னாத்தாவின் அல்ஹம்ராவைப் பற்றிப் பேசினாலும் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஜய்யான் வழியில வருதா?" குர்துபாவுக்கும் கர்னாத்தாவுக்கும் இடையில் கொஞ்சம் சுற்றிப் போனால் வரும் ஊர் அது. வாடகை வேன்காரரிடம் பேசி அதையும் திட்டத்தில் சேர்த்துவிட்டேன்.

ஓர் இடைச்செருகல். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் சேர்க்கிறவர்கள் முதலில் தன் மீது ஹஜ் கடமையாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடமையான ஹஜ்ஜைப் பாக்கி வைத்துவிட்டு ஈபில் கோபுரம் பார்க்கப் போவது முறையல்ல. இன்னொன்று, குர்துபாப் பள்ளியைப் பார்க்கப் போவதில் தனி நன்மை உண்டா என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். இல்லை. நன்மையை நாடிப் பயணம் கட்டிப் போகும் பள்ளிகள் மூன்றுதான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிவிட்டார்கள். கி.பி. 785 வாக்கில் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்ட ஆரம்பித்த அந்தப் பள்ளி 1236ல் தேவாலயமாக ஆக்கப்பட்டுவிட்டது. இன்று அங்கே இரண்டு ரக்அத் தொழக்கூட அனுமதி இல்லை. எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்களைப் பார்க்கலாம், படிப்பினை பெறலாம், அவ்வளவுதான். பூமியில் சுற்றி, முன்னிருந்தவர்களின் முடிவைப் பார்க்கச் சொல்கிறது குர்ஆன். நாங்கள் வைத்த நிய்யத் அது.

இனித் திட்டம். ஆளுக்கு 1,25,000 ரூபாய். விமான டிக்கெட் 46,000. விசாவும் காப்பீடும் மற்றச் செலவும் 11,000. ஹோட்டல் முன்பணம் 28,000. வேன், சாப்பாடு, நுழைவுச் சீட்டு இவற்றுக்காக 40,000. எல்லாம் என் வங்கிக் கணக்கில்தான் வந்தது. ஹஸ்ரத் கையில் இருந்தால் பத்திரம் என்று எல்லோரும் சொன்னார்கள். என் பங்கை மட்டும் துபாயில் இருக்கும் என் தம்பி ஏற்றுக்கொண்டார். பள்ளிவாசல் இமாமின் சம்பளம் உங்களுக்குத் தெரியாததா?

ஐரோப்பிய விசா வாங்கியவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, போக வர டிக்கெட், ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறோம் என்பதற்கு ஆதாரம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. நாங்கள் விண்ணப்பித்த 2020 பிப்ரவரியில்தான் விசாக் கட்டணம் 60 யூரோவிலிருந்து 80 யூரோ ஆனது. என் வேலைக்கு ஆதாரம் கேட்டார்கள். இமாமத் செய்கிறேன் என்று ஜமாஅத் கடிதத் தாளில் முத்தவல்லி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அல்ஹம்ராவுக்கு முன்கூட்டியே சீட்டு எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணோடு, உள்ளே இருக்கும் அரண்மனைக்கு இத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுப்பார்கள். எங்களுக்குக் காலை 9.30. ஏப்ரல் 2ஆம் தேதி வியாழக்கிழமை சென்னையிலிருந்து புறப்பாடு. 12ஆம் தேதி திரும்புதல். ரமளானுக்கு முன்பே ஊரில் இருப்போம். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு நாள்வாரியாக, மணிவாரியாக எழுதினேன். எந்த நேரத் தொழுகையை எங்கே, ஜம்உவா கஸ்ரா என்பதுகூட அதில் இருந்தது.

அந்த நோட்டில் ஒன்றுதான் இல்லை. பிறகு எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓர் இடத்தில்கூட இன்ஷா அல்லாஹ் இல்லை. வாயால் நூறு தடவை சொல்லியிருப்பேன். அது பேச்சில் வரும் இன்ஷா அல்லாஹ். கஹ்ஃபு அத்தியாயத்தின் 23, 24 வசனங்களில் எந்தக் காரியத்தையும் நாளை செய்வேன் என்று உறுதியாகச் சொல்லாமல் அல்லாஹ்வின் நாட்டத்தோடு இணைத்துச் சொல்லும்படி ரப்புல் ஆலமீன் தன் தூதருக்கே கற்றுக் கொடுக்கிறான். அந்த வசனத்துக்கு விளக்கம் சொல்லி எத்தனை ஜும்ஆவில் பயான் செய்திருப்பேன்!

பிப்ரவரி 27ஆம் தேதி சவூதி அரசாங்கம் வெளிநாட்டினருக்கு உம்ராவை நிறுத்தியது. அப்போதே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. மார்ச் முதல் வாரம் விசா ஒட்டிய பாஸ்போர்ட்டுகள் கைக்கு வந்தன. வீட்டில் பாயசம் காய்ச்சினார்கள். மார்ச் 11ல் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகளாவிய பெருந்தொற்று என்றது. 14ல் ஸ்பெயின் நெருக்கடி நிலை அறிவித்தது. 22ஆம் தேதியோடு இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. 25ல் ஊரடங்கு. 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை, எனக்குப் புத்தி தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஊரில் இருந்துகொண்டே ஜும்ஆ தொழாமல் வீட்டில் லுஹர் தொழுதேன். ஜும்ஆவே இல்லாதபோது குர்துபா எங்கே, கர்னாத்தா எங்கே!

எல்லோருக்கும் வருத்தம்தான். ஒரு சகோதரரின் மனைவி ஐந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அதைச் சொல்லி அவரே சங்கடப்பட்டார், "ஈமான் பலவீனமோ ஹஸ்ரத்?" என்று. இல்லை. இப்படி வருத்தப்படும் உங்களுக்கும் சொல்கிறேன். ரத்தான பயணத்துக்காக அழுதவர்கள் யார் தெரியுமா? ஸஹாபாக்கள்.

ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு துல்கஅதா மாதம். ஏறத்தாழ 1400 ஸஹாபாக்கள் மதீனாவிலிருந்து உம்ராவுக்காக இஹ்ராம் கட்டிப் புறப்பட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கனவு கண்டிருந்தார்கள். நபியின் கனவு வஹீ அல்லவா? சந்தேகத்துக்கே இடமில்லாத பயணம். குர்பானிப் பிராணிகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். மக்காவுக்கு ஒரு நாள் நடைக்கும் குறைவான தூரத்தில் ஹுதைபியாவில் அவர்களுடைய ஒட்டகம் கஸ்வா உட்கார்ந்துவிட்டது. குறைஷிகள் விடவில்லை. ஸுஹைல் பின் அம்ர் வந்து உடன்படிக்கை செய்தார். இந்த ஆண்டு திரும்பிப் போங்கள், அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள் தங்கிக்கொள்ளுங்கள் என்று. வாசல் வரை வந்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

உமர் (ரலி) அவர்களால் தாங்க முடியவில்லை. நாம் கஃபாவுக்குப் போவோம் என்று நீங்கள் சொல்லவில்லையா என்று நாயகத்திடமே கேட்டார்கள். சொன்னேன், ஆனால் இந்த ஆண்டே போவோம் என்று சொன்னேனா என்று நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மனதில் நிறுத்துங்கள். வாக்கு அல்லாஹ்வுடையது. தேதி நாம் போட்டுக்கொண்டது. நம் மனம் உடைவது பெரும்பாலும் நாம் போட்ட தேதியில்தான்.

பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் பிடித்த இடம். பிராணிகளை அறுத்துத் தலைமுடியைக் களையுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று தடவை சொன்னார்கள். ஒருவரும் அசையவில்லை. நாயகம் சொல்லி ஸஹாபாக்கள் எழாத இடம் வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்? அது மாறு செய்தது அல்ல, துக்கம். நாயகம் (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் போய் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அந்த அம்மையார் சொன்ன யோசனை: யாரிடமும் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், வெளியே போய் உங்கள் பிராணியை அறுங்கள், முடி களைபவரை அழையுங்கள். அப்படியே செய்தார்கள். அதைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். ஒருவர் தலையை ஒருவர் மழித்தார்கள், துக்கத்தில் ஒருவரையொருவர் கொன்றுவிடுவார்களோ என்று தோன்றும் அளவுக்கு நெருக்கியடித்துக்கொண்டு. புகாரியில் இந்தச் செய்தி விரிவாக இருக்கிறது.

ஆகவே துக்கம் குற்றமில்லை. திரும்பி வருகிற வழியில் ஃபத்ஹு அத்தியாயம் இறங்கி, இந்தத் திரும்புதலையே வெற்றி என்று அல்லாஹ் பெயரிட்டான். அடுத்த ஆண்டு போனார்கள், உம்ரா செய்தார்கள். அதற்கடுத்த ஆண்டு பத்தாயிரம் பேரோடு போனார்கள்.

நோய்க்காக நின்ற பயணம் ஒன்றும் நம் வரலாற்றில் உண்டு. உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது ஷாமுக்குப் புறப்பட்டு ஸர்க் என்ற இடம் வரை போய்விட்டார்கள். அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கிறது என்று படைத் தலைவர்கள் வந்து சொன்னார்கள். முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள், கருத்து வேறுபாடு. அன்ஸாரிகளை அழைத்தார்கள், அங்கும் அப்படியே. குறைஷி முதியவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடச் சொன்னார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதியின் பக்கம் போகிறோம் என்றார்கள் உமர் (ரலி). பிறகுதான் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் அதை விட்டு ஓடாதீர்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை அறிவித்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

இந்த இரண்டு சம்பவத்தையும் 2020ன் அந்த மாதங்களில் கைப்பேசியில் பதிவு செய்து எங்கள் குழுவினர் பத்துப் பேருக்கும் அனுப்பினேன். எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். எனக்கே என் பயான் பிடித்திருந்தது. கதரைப் பொருந்திக்கொண்டோம், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பணம் இருந்ததே!

ஹோட்டல்காரர்கள் ஜூன் மாதத்துக்குள் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆளுக்கு 28,000. செலவழிக்காமல் என்னிடம் இருந்தது ஆளுக்கு 40,000. ஆக 68,000. மற்றப் பத்துப் பேருடைய பணம் மட்டும் 6,80,000 ரூபாய் என் கணக்கில் கிடந்தது. அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவில்லை. அதனால்தான் என் மனசாட்சி நிம்மதியாகத் தூங்கியது. அடுத்த வருடம் எப்படியும் போவோம், மறுபடி வசூலிப்பது சிரமம், இருக்கட்டும் என்று நானே முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. எப்போதாவது பேச்சு வந்தால், "எல்லாம் தக்தீர். இன்ஷா அல்லாஹ் அடுத்த வருஷம்" என்பேன். இப்போது இன்ஷா அல்லாஹ் சரியாக வந்துவிட்டது பாருங்கள்!

நவம்பர் மாதம் ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு உஸ்தாத் ஃபோன் செய்தார். ஸலாம் சொன்னார், நலம் விசாரித்தார். பிறகு வகுப்பில் கேட்பது போலவே கேட்டார்: "யதுல் அமானா எப்போ யதுள் ளமான் ஆகும்? சொல்லு பார்ப்போம்."

கிதாப் ஓதாதவர்களுக்கு இதை விளக்குகிறேன். ஒருவர் தன் பொருளை நம்மிடம் ஒப்படைத்தால் நம் கை நம்பிக்கைக்குரிய கை. நம்முடைய கவனக்குறைவு இல்லாமல் அது அழிந்துபோனால் நாம் ஈடு கட்ட வேண்டியதில்லை. ஆனால் உரியவருடைய அனுமதியைத் தாண்டி நடந்தாலோ, திருப்பிக் கேட்டும் தராமல் நிறுத்தினாலோ அந்தக் கை பொறுப்பேற்க வேண்டிய கையாக மாறிவிடும். மாணவனாக இருந்தபோது இதற்கு மளமளவென்று பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

"பயணத்துக்குத்தானே உன்னை வக்கீலாக்கினாங்க? பயணம் போச்சு. இப்ப எந்த இஜாஸத்துல வச்சிருக்கே?" என்றார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். எங்கள் குழுவில் ஆட்டோ உதிரி பாகக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் இருந்தார். ஊரடங்கில் ஆட்டோக்களே ஓடவில்லை, கடை எப்படி ஓடும்? நான்கு மாத வாடகை பாக்கி. ஆகஸ்டில் மனைவியின் மூன்று பவுன் வளையலை அடகுக் கடையில் வைத்திருக்கிறார். வட்டிக்கு. அதுவும் போதாமல் உஸ்தாதிடம் கடன் கேட்டு வந்தபோதுதான் உஸ்தாதுக்குத் தெரிந்திருக்கிறது.

அல்லாஹ்வின் நல்லடியார்களே, யோசித்துப் பாருங்கள். அவருடைய சொந்தப் பணம் 68,000 ரூபாய் என் கணக்கில் இருக்கிறது. நான் வட்டியின் தீமையைப் பற்றி இணையத்தில் பயான் செய்துகொண்டிருக்கிறேன். அவர் வட்டிக்கு நகை வைக்கிறார்.

அன்று இரவே அவர் வீட்டுக்குப் போனேன். பணத்தை அனுப்பிவிட்டுத்தான் போனேன். மன்னிப்புக் கேட்டேன். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஹஸ்ரத்கிட்ட போய் எப்படிக் காசு கேக்குறது?" அடகுக் கடைக்குக் கட்டிய வட்டியை நான் தருகிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டார். சட்டப்படி நான் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லும் முஃப்திகள் இருக்கலாம். அந்த வாதத்தைச் சொல்லிக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் யாரோ ஒருவருடைய பணத்தை வைத்திருப்பீர்கள். சுற்றுலாவுக்காக இருக்கலாம், உம்ராக் குழுவுக்காக இருக்கலாம், கல்யாண மண்டபத்துக்காக இருக்கலாம். காரியம் நின்றுவிட்டது, பணம் உங்களிடம் நிற்கிறது. உரியவர் கேட்கவில்லையே என்று சொல்லாதீர்கள். உங்கள் மேல் மரியாதை வைத்திருப்பவர் கேட்க மாட்டார். மருமகன் மாமனாரிடம் கேட்க மாட்டார். தம்பி பெரியண்ணனிடம் கேட்க மாட்டார். வேலைக்காரர் முதலாளியிடம் கேட்க மாட்டார். ஹஸ்ரத்திடம் யாருமே கேட்க மாட்டார்கள். கேட்க முடியாதவருடைய பணம்தான் முதலில் வீடு போய்ச் சேர வேண்டும். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி நிஸா அத்தியாயம் 58ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அவர்கள் கேட்டால் மட்டும் என்று அங்கே இல்லை. கொடுக்க வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது கடனுக்கு. கடனுக்கே அப்படியென்றால் அமானிதத்துக்கு?

தக்தீர் என்ற வார்த்தை இருக்கிறதே, அதைச் சொல்ல உரிமை உள்ளவர் பணத்தை இழந்தவர். 46,000 ரூபாய் டிக்கெட் போனது, விசாக் கட்டணம் திரும்ப வராது என்று தெரிந்தவர், தன் நெஞ்சில் கை வைத்து, அல்லாஹ்வின் ஏற்பாடு என்று சொல்லட்டும். அப்படிச் செய்திருக்கலாமே, இப்படிச் செய்திருக்கலாமே என்று புலம்புவது ஷைத்தானுடைய வேலைக்குக் கதவு திறக்கும் என்று முஸ்லிமில் வரும் ஹதீஸ் எச்சரிக்கிறது. அதைத் தடுக்கத்தான் கதரின் மீதுள்ள நம்பிக்கை. பணத்தைக் கையில் வைத்திருப்பவர் அந்த வார்த்தையைச் சொன்னால் அது ஈமான் அல்ல, சாக்கு.

வியாபாரம் செய்கிறவர்களுக்கும் ஒரு சொல். வாங்கியவர் கஷ்டத்தில் இருக்கிறார், வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். நீங்கள் ஒத்துக்கொண்டால் அதற்கு இகாலா என்று பெயர். அப்படி விட்டுக்கொடுத்தவரின் தவறுகளை அல்லாஹ் விட்டுவிடுவான் என்று அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. ரத்து செய்தால் முன்பணம் திரும்ப இல்லை என்று ரசீதில் அச்சடிக்க நமக்குத் தெரியும். மண்டபம் வைத்திருப்பவர்களும் வேன் வைத்திருப்பவர்களும் டிராவல்ஸ் நடத்துபவர்களும் இந்த ஹதீஸையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முகம் தெரியாத ஸ்பெயின் நாட்டு ஹோட்டல்காரர்கள் முழுப் பணத்தையும் அனுப்பினார்கள். நான்தான் அதை நிறுத்தி வைத்தேன்.

அந்த வாரத்துக்குள் மீதி ஒன்பது பேருக்கும் கணக்கு முடித்தேன். பழைய நோட்டிலேயே, ஏப்ரல் 5 குர்துபா என்று எழுதியிருந்த பக்கத்துக்குப் பின்னால், பெயர், தொகை, கொடுத்த தேதி, கையெழுத்து. இரண்டு பேர் அந்தப் பணத்தில் பின்னால் உம்ரா போனார்கள். ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டினார். விமானக் கம்பெனி மட்டும் பணமாகத் தராமல், பிறகு பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு அனுப்பியது. கடிதம் மேல் கடிதம் போட்டு 2021 ஆகஸ்டில்தான் ஆளுக்கு 46,000 வந்தது.

அதற்குள் உஸ்தாத் இல்லை. 2021 மே மாதம், இரண்டாவது அலையில், வஃபாத்தாகிவிட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜய்யானைப் பார்க்கவில்லை. தபூக் போருக்குப் போக முடியாமல் மதீனாவில் தங்கியவர்களைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள்? காரணம் தடுத்ததால் நின்றவர்கள், நாம் கடந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் நம்மோடு இருந்தார்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். அது ஜிஹாத், இது சுற்றுலா, ஒன்றாகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் உஸ்தாத் கேட்டது சுற்றுலா அல்ல. தனக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தவரின் ஊருக்குப் போய் ஒரு ஃபாத்திஹா ஓத வேண்டும் என்றார். நிய்யத்தை அல்லாஹ் அறிவான்.

அல்ஹம்ராவின் சுவர்களில் திரும்பத் திரும்ப ஒரே வாசகத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், வெற்றி கொள்பவன் அல்லாஹ்வைத் தவிர யாருமில்லை என்ற பொருளில். அதை எழுதிய அரச வம்சம் 1492 ஜனவரி 2ஆம் தேதி நகரத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. எழுத்து அங்கேயே இருக்கிறது. அதைக் காலை 9.30க்குப் போய்ப் படிக்கத்தான் சீட்டு எடுத்திருந்தோம். என் பாஸ்போர்ட்டில் அந்த விசாப் பக்கம் முத்திரை விழாமல் இன்னும் இருக்கிறது.

விமானப் பணம் வந்ததும் உஸ்தாத் வீட்டுக்குப் போனேன். 46,000 ரூபாய். மனைவி, இரண்டு ஆண் மக்கள், ஒரு பெண். பெற்றோர் முன்பே போய்விட்டார்கள். கடனும் வஸிய்யத்தும் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, 5,750. மீதியில் ஆண் மக்களுக்கு ஆளுக்கு 16,100, மகளுக்கு 8,050. அவர் கற்றுக் கொடுத்த பாகப்பிரிவினைக் கணக்குதான். நான்கு உறைகளில் போட்டுக் கொடுத்தேன். உஸ்தாதின் மனைவி திரைக்குப் பின்னால் இருந்து கேட்டார்கள்: "எதுக்குத் தம்பி இந்தக் காசு?"

ஸ்பெயின் டிக்கெட் பணம் உம்மா, என்றேன்.

"அவங்கதான் போகவே இல்லையே, அப்புறம் என்ன காசு?"

போகாததால்தான் உம்மா, என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பேத்தியை அழைத்து எனக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார்கள்.

போன வாரம் வந்த அந்த மச்சான்மார்களிடமும் இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். இளையவர் தன்னுடைய நஷ்டத்தையும் மூத்தவரின் பணத்தில் கழித்திருந்தார். "அவங்க அம்மாவாலதானே நின்னுச்சு" என்று நியாயம் சொன்னார். தாய் வழுக்கி விழுந்தது யாருடைய குற்றமும் இல்லை. அவரவர் டிக்கெட் நஷ்டம் அவரவருக்கு. திரும்பி வந்தது அப்படியே உரியவருக்கு. ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிட்டார், அல்ஹம்து லில்லாஹ். மூத்தவரும் ஒரு காரியம் செய்தார். மச்சான் பிள்ளைகள் ஏமாந்துவிட்டார்களே என்று அவர்களை ஊட்டிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார், தாயார் எழுந்து நடந்த பிறகு, இன்ஷா அல்லாஹ்.

விடுமுறை வருகிறது. யாருடைய பணமாவது உங்கள் கையில் நிற்கிறதென்றால், எப்படிக் கணக்கு எழுதுவது என்று தெரியவில்லையென்றால், தொழுகை முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள். அந்த நோட்டு அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்துக் காட்டுகிறேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.